அளந்து கொடுத்த தண்ணீர்

பூச்சோங்கில் குழாய்த் தண்ணீர் நிற்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் வாளி, டிரம், குழந்தையின் குளியல் தொட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் நிரப்புவார்கள். நான் முதலில் நிரப்புவது ஒரு பச்சை நிற ராணுவத் தண்ணீர் பாட்டிலை. அதில் பிடிக்கும் தண்ணீர் ஓர் ஆள் பல் துலக்கவே பற்றாது என்பது என் மனைவியின் கணக்கு. அவள் சொல்வது சரிதான். பாட்டில் என் சித்தப்பாவுடையது.

அப்பாவின் கடைசித் தம்பி. என்னைவிடச் சில வயதே மூத்தவர். ராணுவத்தில் சார்ஜன்ட். நமீபியா விடுதலைக்குத் தயாராகி முதல் தேர்தல் நடந்த எண்பத்தொன்பதில், இங்கிருந்து போன அமைதிப்படையில் அவரும் இருந்தார். தலையில் நீலத் தொப்பியை வைத்து, கையில் தண்ணீர் லோரியைக் கொடுத்துப் பாலைவனத்தில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவரிடம் அவர் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் கேட்ட ஒரே கேள்வி, "சிங்கம் பார்த்தீங்களா?" என்பதுதான். "ஜெர்மன்காரன் கட்டின மாதாகோயில்தான் பார்த்தேன்லா" என்பார். கேட்டவர் முகத்தில் காசு கொடுத்து ஏமாந்த களை தெரியும்.

அவர் கதையை முழுதும் கேட்டவன் நான் ஒருவன்தான். அதில் என் பெருந்தன்மை ஏதுமில்லை. ஞாயிறு மலருக்கு வாராவாரம் நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவனுக்கு யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நாக்கைச் சொடுக்கிப் பேசும் நாமா மக்களின் மொழியில் நான்கு விதச் சொடுக்கு உண்டு என்று சித்தப்பா செய்து காட்டுவார். நானும் சாலையோர ஒட்டுக்கடையில் முயன்றேன். காப்பி கலக்குபவர் "என்னா அண்ணே, வரேன் வரேன்" என்று ஓடி வந்தார். அங்கே ஒரு மளிகைக் கடையில் வெள்ளைக்காரக் கிழவி வாழைப்பழத்தைப் 'பிசாங்' என்றாளாம். நம் பாசார் சந்தையில் சொல்லும் அதே மலாய்ச் சொல். என்றைக்கோ மலாய்த் தீவுகளிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஆப்பிரிக்கக் கரையில் எஜமானின் நாக்கில் விட்டுப்போனது. "ஆளுங்க பேருகூட மிஞ்சலடா. வாழைப்பழம் மிஞ்சிருச்சு" என்றார். அதை வைத்து நான் கட்டுரை எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

அவருக்கு நெருக்கமானவர்கள் மாடு வளர்க்கும் ஹெரேரோ மக்கள். அந்தப் பெண்கள் வேகாத வெயிலில் கணுக்கால் வரை பாவாடை மடிப்புகளும், மாட்டுக் கொம்பு போல் இரு பக்கமும் நீண்ட துணித் தொப்பியுமாக நடப்பார்களாம். ஜெர்மன் பாதிரிகளின் மனைவிமார் உடுத்திய கவுனைத் தங்களுடையதாக்கிக்கொண்டவர்கள். கிள்ளானில் மத்தியான வெயிலில் கோட்டு சூட்டோடு தாலி கட்டும் கூட்டத்தைச் சேர்ந்த நான் இதில் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய பாட்டன்மார் நிலத்துக்காக எதிர்த்து நின்றபோது ஜெர்மன் படை அவர்களைப் பாலைவனத்துக்குள் விரட்டியது. "சுடக்கூட வேணாம்டா. நீர்நிலைக்குக் காவல் போட்டா போதும். குழி தோண்டித் தோண்டியே செத்திருக்காங்க."

ஒரு நாள் அவர் லோரியை ஒரு ஹெரேரோ வீட்டு முற்றத்தில் நேராக ஓட்டிப்போய் நிறுத்தினார். அங்கே அணையாமல் காக்கும் நெருப்புக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவே அந்நியர் கடக்கக்கூடாது. அது முன்னோர் நடக்கும் இடம். பெண்கள் கூச்சலிட்டார்கள். ஒரு கிழவர் அவரைக் கையைப் பிடித்து நெருப்பருகே கூட்டிப்போனார், வாய் நிறையத் தண்ணீர் எடுத்தார், முகத்தில் பூவென்று ஊதினார். "யூனிஃபாரம்ல நிக்கிறவன் மூஞ்சில துப்பினா எப்படி இருக்கும்? கை ஓங்கிட்டேன்டா." மொழிபெயர்க்க வந்த பையன் தடுத்தானாம்: "உங்களைத் தன் முன்னோருக்கு அறிமுகம் செய்கிறார்." தண்ணீர் இல்லாமல் செத்தவர்களுக்குத் தண்ணீரால் அறிமுகம். சித்தப்பா அன்று முகத்தைத் துடைக்கவில்லை.

பிறகு அவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டன. தொண்ணூறுகளின் கடைசியில் அணைகள் வற்றி, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுதும் தண்ணீர்ப் பங்கீடு நடந்த வருடம், அவர் வாரத்துக்கு மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இந்தப் பாட்டிலில் பாதிதான் குடிக்கலாம். மிஞ்சினால் நுரையீரலில் நீர் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்தி, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஜவுளிக் கடை வேலைக்குப் போவார். வீட்டில் உட்கார்ந்து எழுதுவது வேலையில் சேராது என்று குடும்பம் ஏகமனதாக முடிவெடுத்திருந்ததால், பகல் காவல் எனக்கு.

காலையில் பாதி நிரப்பிக் கொடுப்பேன். அவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார், எவ்வளவு மிச்சம் என்று சத்தத்திலேயே தெரியும். மத்தியானத்துக்குள் சத்தம் நின்றுவிடும். கீழே தண்ணீர் லோரி வரும், ஹாரன் கேட்டு அடுக்குமாடியே வாளியோடு இறங்கி, "ஏய் அக்கா, வரிசையில வாங்க!" என்று சண்டை போடும். அவர் ஜன்னலில் நின்று டிரைவர் லோரியை வளைப்பதைக் குறை சொல்வார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

"ஒரு வாய் குடுடா."

"டாக்டர் சொன்னாருல்ல சித்தப்பா."

"நல்ல வேலைடா உனக்கு. நீர்நிலைக்குக் காவல்."

கொடுத்தால் மூச்சு முட்டும். கொடுக்காவிட்டால் அந்த உதடுகளைப் பார்க்க வேண்டும். ஐஸ் துண்டு வைத்தேன், எலுமிச்சைத் துண்டு வைத்தேன். வறண்ட நாக்கால் நாமா சொடுக்குகூட வரவில்லை என்று அவரே சிரித்தார்.

ஒரு மத்தியானம் ஜன்னலிலிருந்து திரும்பியவர் ஒரு வாய் கேட்கவில்லை. "குடிக்க வேணாம். அந்தக் கிழவர் செஞ்ச மாதிரி செய்" என்றார். வாளியிலிருந்து ஒரு வாய் எடுத்து அவர் முகத்தில் ஊதினேன். பழக்கமில்லாத வேலை, பாதி என் சட்டையில் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியிலிருந்து நீர் இறங்கி உதட்டோரம் வந்தபோது அவர் நாக்கை நீட்டவில்லை. கதவருகே சித்தி கைப்பையோடு நின்றிருந்தார். "என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றவர், பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். வரவில்லை.

சொன்ன கட்டுப்பாட்டையெல்லாம் காத்தும், அடுத்த மாதம் சித்தப்பா போய்விட்டார். பங்கீடு அப்போதும் முடியவில்லை. சேதி கேட்டு அடுக்குமாடிக்காரர்கள் தாங்கள் சேர்த்துவைத்த தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கி வந்தார்கள். அவரை உட்காரவைத்துத் தலையில் ஊற்றினார்கள். வாயில் வழிந்தது, மார்பில் வழிந்தது, படிக்கட்டு வரை ஓடியது. யாரும் அளக்கவில்லை.

இன்று பூச்சோங்கில் மறுபடி தண்ணீர் வெட்டு அறிவிப்பு. பாட்டிலைக் கழுவிக் குழாயடியில் பிடிக்கிறேன். "நிரப்புறதுதான் நிரப்புறீங்க, முழுசா நிரப்புங்களேன்" என்கிறாள் மனைவி. முழுக்க நிரப்பினால் ஆட்டும்போது சத்தம் வராது. பாதியில் மூடி, காதருகே கொண்டுபோகிறேன்.