எட்னாவுக்கு வந்த மூன்றாவது வீடு

பேர்ல் தெருவில் இருந்தவை நாற்பத்திரண்டு வீடுகள். எல்லாமே மனிதர் குடியிருக்கத் தகாதவை என்று சால்ஃபோர்ட் நகராட்சி எழுதி ஒட்டிவிட்டது. 1964 மார்ச் மாதம் அதில் ஒரு வீட்டின் புகைபோக்கியில்தான் புகை வந்தது. அது எட்னா கிரிம்ஷாவின் வீடு.

எட்னா நாற்பது வருஷம் பஞ்சாலையில் தறி ஓட்டியவள். தறிச் சத்தம் அவள் காதை எப்போதோ தின்றுவிட்டது. ஆனால் ஆலைப் பெண்கள் எல்லோரையும் போல உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். காது போனதை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு நெல்லி ஒருத்திக்குத்தான் தெரியும், அவளும் தறிக்காரி. நாலு மணியானால் நெல்லி அடுப்புக் கம்பியால் நடுச்சுவரில் மூன்று தட்டு தட்டுவாள். இந்தப் பக்கம் எட்னா சுவரில் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பாள். அதிர்ந்தால், தேநீர் தயார்.

நெல்லிக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்பே ஊர்க்கோடி அடுக்குமாடியில் வீடு கிடைத்துவிட்டது. எட்னாவுக்கு நகராட்சி இரண்டு வீடுகள் காட்டியது. நெல்லிக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று இரண்டையும் மறுத்தாள். மூன்று முறைதான் கேட்பார்கள். அதற்குப் பிறகு தள்ளிவிடும் இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

இடிக்கிற ஆட்களின் மேஸ்திரி டெர்மட் காலையில் எட்டிப் பார்ப்பான்.

"என்னக்கா, இன்னுமா மூட்டை கட்டல?"

"என் வீட்டை இடிக்கிற அன்னிக்காவது குளிச்சிட்டு வா. அப்புறம் கட்டறேன்."

அன்றைய பேச்சு அத்துடன் தீர்ந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நகராட்சியிலிருந்து ஹார்க்கர் வந்தான். இளம்பிள்ளை. மேசையில் தாளை விரித்து, குனிந்தபடியே நிறையப் பேசினான். எட்னாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் தலை வகிடுதான். திரும்பச் சொல்லச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். அவன் நிமிர்ந்தான்.

"என்னம்மா, சம்மதமா?"

"வேண்டாம் தம்பி. போன தடவை சொன்னதுதான் இப்பவும்."

அவன் புருவத்தை உயர்த்தினான். மறுபடி குனிந்து ஏதோ கேட்டான். அவள் அழுத்தமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த திங்கட்கிழமை நெல்லியிடமிருந்து கடிதம் வந்தது. "என் பக்கத்து வீடு காலியாச்சு. உனக்குக் குடுத்தாங்களாமே? நீ வேண்டாம்னுட்டியாமே? நான் உனக்கு என்னடி பண்ணினேன்?"

எட்னா பதில் எழுதவில்லை. இதை எழுதிப் புரியவைக்க முடியாது. கோட்டை மாட்டிக்கொண்டு நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். வரிசையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"எனக்குக் காது கேக்காது தம்பி" என்றாள் ஹார்க்கரிடம். தன் குரல் எவ்வளவு உரத்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "குனிஞ்சுக்கிட்டுப் பேசினா எனக்கு ஒண்ணும் புரியாது. முகத்தைப் பாத்துச் சொல்லு."

ஹார்க்கர் சிவந்துபோனான். வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, "அந்த... வீட்டை..." என்று ஆரம்பித்தான்.

"இவ்வளவு வாயைப் பொளக்க வேண்டாம். எப்பவும் போலப் பேசு."

"வெள்ளிக்கிழமைதாம்மா வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டோம். அதுக்கு எதிர்க் கட்டடத்துல ஆறாவது மாடி வீடு ஒண்ணு இருக்கு. மூணு முறையும் முடிஞ்சுபோச்சு, இதுவும் வேண்டாம்னா எனக்கு வழியில்ல."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை சாமான்கள் போய்ச் சேர்ந்தன. அன்று டெர்மட் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல வண்டியில் ஏறிவிட்டாள்.

புது வீட்டில் நாலு மணிக்கு, பழக்கத்தில் சுவரில் கை வைத்தாள். கான்கிரீட் சில்லிட்டது. அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

சமையலறைச் சன்னலுக்கு வந்தாள். கீழே அகலமான வெற்றுத் திடல். எதிர்க் கட்டடத்தின் ஆறாவது மாடியில், அதே போன்ற சன்னலில், நெல்லி நின்றாள். அவள் உதடுகள் அசைந்தனவா என்று கூடத் தெரியவில்லை, அவ்வளவு தூரம்.

எட்னா கண்ணாடியை ஒட்டி நின்றாள். ஆலைக் கூடத்தின் அந்தக் கோடித் தறிக்காரிக்குச் சொல்வது போல, சத்தமில்லாமல், வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"நான் வேண்டாம்னு சொல்லலடி. எனக்குக் கேக்கல."

நெல்லி கண்ணுக்கு மேல் கையை வைத்து முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

எட்னா முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.