மறுநாளே எடுத்த டியூப்

எனக்கு எதிலும் முந்திக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் வீட்டுக்கு எழுதிப் போட்டபோது, எங்கள் வரிசையில் எங்களுக்குத்தான் முதலில் சாவி கிடைத்தது. அதையே ஒரு மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் கணவருக்கு இந்தக் குணம் பிடிக்காது, ஆனால் கண்டிக்கவும் மாட்டார்.

அவர் துறைமுகத்தில் கிராணி. அலுவலக வேலை என்பதால் ஆங்கிலம் நன்றாகத் தெரியும். எனக்குத் தமிழும், மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்கு மலாயும்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், நாற்பத்திரண்டு வயதில், அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திங்கட்கிழமை அவருக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். அந்த மனிதர் சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். அவருக்கும் இதே நோய். அவர் மனைவி சின்னப் பெண், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். சாயங்காலம் பார்வை நேரத்தில் போனபோது இரண்டு பேரும் மயக்கத்தில் கிடந்தார்கள். இரண்டு பேருக்கும் சிறுநீர் போக ரப்பர் டியூப் வைத்து, கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டிருந்தார்கள்.

மறுநாள் போனால் அவருக்கு டியூப் இல்லை, பாட்டிலும் இல்லை. நர்ஸை அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சீன மிஸ்ஸி ஒருத்தியிடம் எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். "சுடா சாபுட் லா" என்றாள். காலையிலேயே எடுத்தாயிற்றாம், தானாகவே ஒன்றுக்குப் போகிறாராம். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். அங்கே பாட்டில் அப்படியே இருந்தது.

புதன்கிழமை கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு இன்னும் வாய்வழியாக எதுவும் கொடுக்கவில்லை. மிஸ்ஸிகளுக்கும் அந்தச் சின்னப் பெண்ணுக்கும் கொடுத்தேன்.

"இவருக்கு மறுநாளே எடுத்துட்டாங்கம்மா. இவருது நல்ல உடம்பு. உன் வீட்டுக்காரருக்கு நாளாகும் போல" என்றேன் அவளிடம்.

"எப்ப எடுப்பீங்கன்னு கேட்டா இப்ப இல்லைங்கிறாங்க. பயமா இருக்குக்கா" என்றாள்.

"பயப்படாதே. எல்லா உடம்பும் ஒண்ணா?" என்று பெரிய மனுஷி மாதிரி தேற்றினேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வார்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பாட்டில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என் கணவர் முகத்தைப் பார்ப்பேன். இருந்தால் மனசு குளிரும்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவள் கணவர் கட்டிலில் நல்ல தூக்கம். நான் என் கணவர் காதோரம் குனிந்து, "பாவங்க, அவர் பொழைக்கிறது கஷ்டம்தான். நாலு நாளாச்சு, இன்னும் டியூப்போட கெடக்காரு" என்றேன்.

அவர் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படிச் சொல்லாதே. அவருக்கு வயித்தையே எடுத்திருக்காங்க. பெரிய ஆபரேஷன். அதனாலதான் டியூப்பை வச்சிருக்காங்க."

"அப்ப உங்களுக்கு?"

"தெறந்து பார்த்தாங்க. எல்லா இடத்துக்கும் பரவிப்போச்சாம். ஒண்ணும் எடுக்காம தைச்சுட்டாங்க. அதுக்கு ஒரு நாளுக்கு மேல டியூப் எதுக்கு?"

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் அவரிடமே ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகுதான் மிஸ்ஸி வந்து டியூப்பை எடுத்திருக்கிறாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும்.

"நீ கேசரி கொண்டாந்தே. எப்படிச் சொல்றது?" என்றார்.

சனிக்கிழமை பக்கத்துக் கட்டில்காரருக்கு டியூப்பை எடுத்தார்கள். அந்தப் பெண் ஓடிவந்து சொன்னாள். "சந்தோஷம்மா" என்றேன். உள்ளுக்குள் பொறாமையில் வெந்தேன். அந்த டியூப் இவருக்கு இருந்திருக்கக் கூடாதா? ஒரு வருஷமானாலும் நானே அந்தப் பாட்டிலைக் கழுவி வைத்திருப்பேன்.

மூன்றாவது மாதம் அவர் வீட்டில் இறந்தார். உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் என்னால் தாங்க முடியாதது அந்தச் செவ்வாயிலிருந்து வெள்ளி வரைதான். சாகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு அவர் தனியாகப் படுத்துக் கிடந்தார். நான் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் கட்டிலைக் காட்டி அவரிடம் சிரித்துக்கொண்டிருந்தேன்.