கையுறை கழற்றாத வெர்னா

முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகளை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு வெர்னா வீடு வந்து சேரும்போது வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும். விஸ்கான்சினின் வடக்கே ஜனவரிச் சூரியனுக்கு எப்போதும் வீட்டுக்குப் போகிற அவசரம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு, வீட்டுக்கு எதிரே உறைந்து கிடக்கும் ஏரியில் இறங்கிவிடுவாள்.

எல்லாம் புருஷன் ஆர்வோவுக்காக. பக்கவாதம் அவனுடைய வலது பக்கத்தையும் பாதிப் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. இலையுதிர்காலம் முழுக்க மனுஷன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். ஏரி உறைந்த பிறகுதான் தலையைத் திருப்பினான். அன்றைக்கே அவனைச் சமையலறை ஜன்னலோரம் உட்காரவைத்து, பைனாகுலரைக் கையில் கொடுத்துவிட்டு, அவனுடைய கொடித்தூண்டில்களைத் தூக்கிக்கொண்டு போனாள். பனிக்கட்டியில் துளை போட்டு, செத்த ஹெர்ரிங் மீனை முள்ளில் கோத்து உள்ளே இறக்க வேண்டும். பைக் மீன் கவ்வினால் மேலே ஆரஞ்சுக் கொடி சடக்கென்று நிமிரும். அவள் குளிருக்கு, பனிக்கட்டி மேலேயே போட்டிருக்கும் சின்னக் கொட்டகையில் ஒதுங்கியிருப்பாள். கொடியைப் பார்த்து ஆர்வோ ஜன்னலோரத்துச் சுவிட்சைத் தட்டி வாசல் விளக்கைப் போட்டதும் ஓடுவாள். இதை நிறுத்தினால் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான் என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது.

பக்கத்துக் கொட்டகை டுவெய்னுக்கு வாய் சும்மா இருக்காது.

“என்ன வெர்னா, மீன் பிடிக்க வந்தியா, தூங்க வந்தியா? நீ விடற குறட்டைல என் மீனெல்லாம் கனடாவுக்கே ஓடிப்போச்சு!”

“உன் மூஞ்சியப் பாத்து ஓடியிருக்கும். வேலையப் பாருய்யா.”

சொன்னாளே தவிர, நின்றபடியே தூங்கத்தான் செய்தாள். ஒரு நாள் ஹெர்ரிங் டப்பாவைத் திறக்கக்கூடத் தெம்பு இல்லை. வெறும் முள்ளை இறக்கினாள். கொஞ்சம் பொறுத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தன் கையாலேயே கொடியைத் தட்டிவிட்டாள். வாசல் விளக்கு எரிந்தது. மண்டியிட்டு நூலை இழுப்பதுபோல இழுத்து, கைகளை விரித்துக் காட்டினாள்.

“பெருசு ஆர்வோ! துளை வரைக்கும் வந்து நழுவிடுச்சு,” என்று வீட்டில் வந்து புளுகினாள். அவன் தலையாட்டினான். அவளுக்குக் கூசியது. ஆனாலும் மறுநாளும் அதையேதான் செய்தாள்; அதற்கடுத்த நாட்களிலும்.

ஒரு சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்ததும் ஆர்வோ இடது கையால் அருகே கூப்பிட்டான். அவள் கையுறையைத் தட்டிக் காட்டினான்.

“இத... கழட்டல நீ.”

“என்னது?”

“இரை கோக்க... கழட்டணும்.”

வழுக்கும் செத்த மீனைக் கையுறையோடு முள்ளில் கோக்க அந்த ஏரியில் ஒருவனாலும் முடியாது. எந்தக் குளிராக இருந்தாலும் வெறுங்கைதான். பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி, புளுகத் தெரியாத வெர்னாவுக்குத் தோன்றாமல் போய்விட்டது.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“மொத... நாளே.”

“படுபாவி! தெரிஞ்சுமா தெனம் லைட்டப் போட்ட?”

“உனக்குப்... புடிக்கும்னு. நீ... ஓடி ஓடிப் போனியா...”

“எனக்கா? எனக்கு அந்த ஏரியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது, ஆர்வோ!”

“எனக்கும்... இந்த நாற்காலி. முதுகு... போச்சு.”

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கைக் கையுறையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ நாளைக்கு?”

“தூங்கு.”

மாதக்கணக்காகத் துண்டு துண்டாகப் பேசிய வாயிலிருந்து அந்த ஒரு சொல் உடையாமல் வந்தது.

ஒரு பூட்ஸைக் கழற்றி மற்றதைக் கழற்றுவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். குளிரில் விழிப்பு வந்தபோது ஆர்வோ எப்படியோ தானே கட்டிலுக்குப் போய்ப் படுத்திருந்தான். இவள் பக்கம் பார்த்துத்தான் படுத்திருந்தான்.