முதுகில் பிள்ளை, முன்னால் கிட்டார்

எண்ணெய்ச் சட்டியில் மண்டாசி மாவுருண்டைகள் உப்பி மேலே வரும்போதும் எலுபியின் இடது கை சும்மா இருக்காது. கரண்டிக் காம்பைக் கிட்டார்க் கழுத்தாக நினைத்து விரல்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருப்பாள். பலாகா ஊர்ப் பேருந்து நிலையத்தில் அவளிடம் மண்டாசி வாங்குகிறவர்கள் கருகினதையும் பேசாமல் தின்றுவிடுவார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவள்தானே வாசித்தாக வேண்டும்.

ஏழு மாதப் பிள்ளை யமிகானி எப்போதும் முதுகில், சிடென்ஜே துணிக்குள். கணவன் ஜோகன்னஸ்பர்க்கில். பிள்ளை வேறு யாரிடமும் அரை நிமிடம்கூடத் தங்கமாட்டான். பிள்ளைக்காரி என்று இத்தனை நாள் அவளைப் பெட்டிமேல் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்து வாசிக்க விட்டிருந்தார்கள். கல்யாணப் பாட்டுக் குழுவின் தலைவர் கோண்ட்வே ஒரு திங்கட்கிழமை அதற்கு முடிவு கட்டினார்.

"வர்ற சனிக்கிழமை பொண்ணு வீட்டுலேருந்து மண்டபம் வரைக்கும் நடந்துக்கிட்டே வாசிக்கணும், யமிகானி அம்மா. கிட்டார் வார் முதுகுல குறுக்க போனா பிள்ளை கழுத்த அறுக்கும். ஒண்ணு பிள்ளைய இறக்கு, இல்ல கிட்டார இறக்கு. என் தம்பி மவன் சும்மாதான் இருக்கான்."

"ரெண்டையும் இறக்க மாட்டேண்ணே."

எலுபி ஒன்றைச் சொல்லிவிட்டால் உடும்புப் பிடிதான்.

வாரை முதலில் மாட்டி, அதன்மேல் பிள்ளையைக் கட்டுவது என்பது அவள் யோசனை. பலாகாவில் கரி மூட்டையிலிருந்து ஆடு வரை எல்லாவற்றையும் சைக்கிள் ட்யூப்பால்தான் கட்டுவார்கள். அவளும் ட்யூப்பையே கிழித்தாள். ஒத்திகையில் இரண்டாவது சரணத்துக்குள் ரப்பர் இழுபட்டுக் கிட்டார் முழங்காலுக்குப் போய்விட்டது. அடுத்து நைலான் கயிறு. அதன் முடிச்சு பிள்ளையின் நெஞ்சில் குத்த, அவன் போட்ட கூச்சலில் பாட்டே நின்றது.

"புதுப் பாடகன் சேந்துட்டான்டோய். சம்பளத்த மட்டும் பாலாக் குடுக்கணும்" என்றான் மத்தளக்காரன் சிகும்பு.

எல்லாரும் சிரித்தார்கள். எலுபிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமை, பட்டறையில் செத்துக் கிடந்த மினிபஸ்ஸின் இருக்கை வாரை ஒரு கிண்ணம் மண்டாசிக்கு வாங்கிவந்தாள். நான்கு விரல் அகலம்; எவ்வளவு இழுத்தாலும் நீளாது. அறுத்த முனை பிரியாமலிருக்க அடுப்புத் தணலில் காட்டி உருக்கினாள். பழைய ஷூவின் தோலைப் பழுக்கக் காய்ச்சிய சைக்கிள் கம்பியால் துளைத்து இரு முனைகளிலும் தைத்தாள். தோல் கிட்டாரின் குமிழிலிருந்து கழன்றுவிடாமல் ரப்பர்ச் செருப்பில் வெட்டிய ஒரு வில்லையை மேலே மாட்டினாள். பிள்ளை படும் இடத்தில் மட்டும் பழைய சிடென்ஜேயை நான்காக மடித்துச் சுற்றினாள். அங்கே முடிச்சே கிடையாது, தையல்கூட ஓரத்தில்தான். முடிந்ததும் அந்த இடத்தைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். உறுத்தவில்லை.

சனிக்கிழமை வெயிலில் ஊர்வலம் ஒன்றரை மைல் நடந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். யமிகானி பாதி வழி தூங்கினான், மீதி வழி கைமுட்டியைச் சப்பினான். கோண்ட்வே பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவரே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, கைக்குட்டையால் துடைத்துப் போட்டார்.

"இம்புட்டுத் தூரம் நடந்துட்ட. இனிமே உக்காந்தே வாசி, யமிகானி அம்மா."

எலுபி கையைக் கிட்டாரிலிருந்து எடுக்கவில்லை. காலால் நாற்காலியை மெல்ல அவர் பக்கமே தள்ளிவிட்டு, அடுத்த பாட்டின் முதல் சுரத்தை மீட்டினாள்.