மூச்சு விட மறந்த கொன்சேர்ட்டோ

இசை எழுதுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: பிழை விட்டால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் வாசிப்பதை நிறுத்தி உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். கதை எழுதுவதில் அந்த வசதி இல்லை. அதனால் இதைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று தொடங்கும்போதே பயமாக இருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கொழும்பில், கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் ஓர்கன் வாசிக்கிறேன். பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் வெள்ளவத்தையில் ஒரு அமெச்சூர் ஓர்கெஸ்ட்ராவுக்கு நோட்ஸ் பிரதி எடுத்து, ஒவ்வொருவருக்கும் உரிய தாள்களை ஸ்டாண்டில் வைக்கிறேன்.

அந்த ஓர்கெஸ்ட்ராவை நடத்துகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். சிங்களவர், கொட்டாஞ்சேனையில் பிறந்தவர் என்பதால் தமிழும் கதைப்பார். ஒரு நாள் ஆட்கள் வரும்வரை ஒத்திகை மண்டபத்துப் பியானோவில் நான் ஏதோ ஒரு மெட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, "இதை வைத்துக் கிளாரினெட்டுக்கு ஒரு கொன்சேர்ட்டோ எழுதுங்க மேரி" என்றார். கொன்சேர்ட்டோ என்றால் ஒரு வாத்தியம் முன்னால் நின்று கதைக்கும், ஓர்கெஸ்ட்ரா முழுவதும் பின்னால் இருந்து பதில் சொல்லும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா கதைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குள் ஒன்று ஓட, கையால் வேறொன்று செய்து, இரண்டையும் கெடுத்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேற்கொண்டு வாசியுங்கள். நாம் ஒரே கூட்டம்.

தேங்காய் இல்லாத சம்பல்

எழுதத் தொடங்கியதும் நான் வெளியே தலைகாட்டுவது குறைந்தது. பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேரி, ஆளையே காணல்ல? காய்ச்சலா?"

"இல்ல அக்கா, மியூசிக் எழுதுறேன்."

"படத்துக்கா?"

"இல்ல, ஓர்கெஸ்ட்ராவுக்கு."

"அப்ப யாரு பாடுறது?"

"யாரும் பாடுறதில்ல அக்கா. ஒருத்தர் கிளாரினெட் ஊதுவாங்க. பின்னால நாப்பது பேர் வாசிப்பாங்க."

அக்கா கையில் இருந்த சட்டியை மதிலில் வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பாட ஒரு ஆள் இல்ல, பின்னால நாப்பது பேரா? தேங்கா இல்லாம சம்பல் இடிக்கிற மாதிரியில்ல இருக்கு!"

கடல் பார்க்க வந்தவள்

கொன்சேர்ட்டோவுக்கு மூன்று பகுதிகள். முதலாவதும் மூன்றாவதும் மேசையில் இருந்து எழுதியவை. நடுப்பகுதி பஸ்ஸில் வந்தது. காலி நகரத்துக்குப் போகிற காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கமாகப் போகும்போது வலது பக்கத்து யன்னலோரம் இருந்து பாருங்கள். கடைகள், கடைகள், பிறகு ஒரு ஒழுங்கை. அந்த ஒழுங்கையின் முடிவில் ஒரு துண்டுக் கடல். மறுபடியும் கடைகள். மறுபடியும் ஒரு துண்டு. புடவைக்கடை, கடல், மருந்துக்கடை, கடல். பிற்பகல் வெயிலில் அந்தத் துண்டுகள் எல்லாம் ஒரே நீலத்தில் மினுங்கும். சுவர்களுக்குப் பின்னால் கடல் அறுபடாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நமக்குத்தான் விட்டு விட்டுத் தெரிகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்போடு ஒரு மெட்டு வந்தது. நீளமான, முடிய விரும்பாத மெட்டு. கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் போனது, நானும் போனேன், எங்கே என்று தெரியவில்லை.

"நோனா, பஹினவத நெத்த?" என்று பஸ் கொண்டக்டர் பொடியன் தோளருகில் கேட்டான். அம்மா, இறங்குகிறீர்களா இல்லையா என்று அர்த்தம். கண் திறந்தால் வெள்ளவத்தை போய், தெஹிவளையும் போய், இரத்மலானை வந்திருந்தது. மெட்டு கலைந்துவிடும் என்ற பயத்தில் வாயைத் திறக்காமல் முணுமுணுத்தபடியே கையால் "கொஞ்சம் பொறு" என்று காட்டினேன். அவன் டிரைவரைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினான்: "அண்ணே, இந்த அம்மா ஊருக்குப் போக ஏறல்ல, கடல் பார்க்க ஏறியிருக்கிறா!"

ஓர்கனுக்குக் கரண்ட்

கிளாரினெட் ஊதுகிறவள் பானு. வெள்ளவத்தையில் ஒரு வங்கியில் வேலை, யாழ்ப்பாணத்துக் குடும்பம், முப்பது வயதிருக்கும். கொழும்பில் கிளாரினெட் ஊத வேறு ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் பெயர் தெரியாத ஒருத்தி எழுதியதை மாதக்கணக்கில் பழகச் சம்மதித்தவள் இவள் ஒருத்திதான்.

நடுப்பகுதியை எடுத்துக்கொண்டு அவளுடைய மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனேன். ஊதத் தொடங்கினாள். என் தலைக்குள் மாத்திரம் இருந்த சத்தம் அறைக்குள் வந்து, யன்னலால் வெளியே போய், கடலோர ரயில் தண்டவாளத்தைக் கடந்து கடலுக்கு மேலே நின்றது. நான் சொக்கிப்போய் இருந்தேன். இரண்டாம் பக்கத்தில் அவளுடைய முகம் சிவந்தது. இசையில் ஒன்றிவிட்டாள் என்று நினைத்தேன். மூன்றாம் பக்கத்தில் வாத்தியத்தை மடியில் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடினாள்.

பிறகுதான் விளங்கியது. ஓர்கனில் விரலை எடுக்கும்வரை சத்தம் நிற்காது. காற்றை மோட்டார் பார்த்துக்கொள்ளும். அதிலேயே பழகிய நான், ஊதுகிறவளுக்கு மூச்சு விட ஓரிடம்கூட விடாமல் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். பானு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். "மேரி அக்கா, உங்கட ஓர்கனுக்குக் கரண்ட் இருக்கு. எனக்கு இருக்கிறது ரெண்டு நுரையீரல்தான்."

முதுகு பிடிக்கிற ஆள்

வீட்டுக்கு வந்து மூச்சுக்குறிகள் போட்டேன். மூச்சுக்குறி என்பது இசை வரிக்கு மேலே போடும் ஒரு கொமா, அவ்வளவுதான். எல்லா இடத்திலும் போட்டேன், பஸ்ஸில் வந்த அந்த நீள வரியில் மட்டும் போட மனம் வரவில்லை. பானுவும் அதை ஒரே மூச்சில் ஊதிக் காட்டினாள். "இது வெட்டக்கூடாத வரி அக்கா" என்றாள். அப்போது அவளால் முடிந்தது.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது கதவைத் திறந்தவர் அவளுடைய மாமியார். தேத்தண்ணியும் ரோல்ஸும் தந்துவிட்டு, பானு முழுகாமல் இருக்கும் செய்தியையும் தந்தார். மாஸ்டர் கச்சேரிக்கு நாள் குறித்திருந்தார், அன்று அவளுக்கு ஏழு மாதம் நடக்கும். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் என் மனம் கணக்குப் போட்டது. பிள்ளை பிறந்த பிறகு இவளுக்கு எங்கே நேரம் வரும்? இவள் விலகினால் வேறு யார் பழகுவார்கள்? என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே பெரிய இசை அலுமாரிக்குள் போய்விடும். ஊதச் சொல்வதும் பாவம், ஊத வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. "டொக்டர் ஊதலாமெண்டு சொல்லிப்போட்டாராம், என்ன அம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவர் சொல்லுவார் பிள்ளை. இரவிரவா முதுகு பிடிச்சு விடுறது அவரோ, நானோ?"

டீ

ஓர்கெஸ்ட்ராவோடு முதல் ஒத்திகை. எழுதியவளை எங்கே இருத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் வழக்கம்போல ஸ்டாண்டுகளில் தாள் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டேன். வயலின்கள் தொடங்கின. நோட்ஸ் பிரதி எடுக்கும்போது மற்றவர்களுடைய இசை கையால் போகும். அன்று என்னுடையது காதால் வந்தது. கடற்கரை ரயில் ஒன்று நடுவில் கூவிக்கொண்டு போனது. அதுகூட நான் எழுதியது மாதிரியே இருந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை.

அந்த மிதப்பில் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாருக்கும் பின்னால் பெரிய மேளங்களோடு இருந்த ரொஷான் கையை உயர்த்தினார். அவர் ஏதோ பாராட்டப் போகிறார் என்று ஆசையாகக் கிட்டப் போனேன். தன்னுடைய தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"நடுப்பகுதி முழுக்க எனக்கு ஒண்ணுமே இல்லையே மிஸ். டீ குடிச்சிட்டு வரட்டா?"

பாதி மெட்டு

கச்சேரிக்கு முதல் நாள் கடைசி ஒத்திகை. பானுவுக்குப் பெரிய வயிறு. நாற்காலியில் இருந்துதான் ஊதினாள். முதல் பகுதி நன்றாகப் போனது. நடுப்பகுதியில் அந்த நீள வரி வந்ததும் பாதியில் சத்தம் மெலிந்து, நடுங்கி, நின்றுவிட்டது. ஓர்கெஸ்ட்ரா அவளை விட்டுவிட்டுக் கொஞ்சத் தூரம் தனியே போய்த் தடுமாறி நின்றது. திரும்பவும் முயன்றாள். திரும்பவும் அதே இடம். "உள்ளே இருக்கிறவர் மேலே தள்ளுறார்" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

மாஸ்டர் என்னைப் பியானோவுக்குக் கூப்பிட்டார். வரியை இரண்டாக வெட்டப் பார்த்தோம். இங்கே வெட்டினால் தேவாரம் மாதிரி இருந்தது, அங்கே வெட்டினால் விளம்பரப் பாட்டு மாதிரி இருந்தது. சரி, பாதியை எடுத்தே விடுகிறேன் என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பானு வாத்தியத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தபடி நிமிராமலே சொன்னாள்: "வெட்டினா நான் நாளைக்கு வரமாட்டன் அக்கா. பாதி மெட்டுக்கோ நான் இவ்வளவு நாளும் மாமியிட்டப் பேச்சு வாங்கினனான்?"

அந்தரத்தில் ஒரு பெட்டி

என் கணவர் அன்டனுக்கு ஒருகொடவத்தையில் கப்பல் பெட்டிகளை அடுக்கி வைக்கிற ஒரு கொள்கலன் முற்றத்தில் வேலை. கச்சேரி நாள் காலையாகப் பார்த்துத் தன் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கொண்டுபோனேன். வாசலில் காத்து நின்றபோது கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கியது. பாதி வழியில் நின்றுவிட்டது. லொறி கீழே நிற்கிறது, ஆட்கள் கீழே நிற்கிறார்கள், எல்லாருடைய முகமும் மேலே. ஒரு வீடளவு பெட்டி வானத்தில் மெல்ல, மிக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படவில்லை. அது விழப்போகிறது என்றும் யாரும் நினைக்கவில்லை. இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

நானும் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். அந்த நீள வரியை வெட்டவே தேவையில்லை. வயலின்கள் அந்தச் சத்தத்தை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால், அவள் எவ்வளவு நேரமும் மூச்சு எடுக்கலாம். மெட்டு அறாது, அந்தரத்தில் நிற்கும். எனக்கு வாய் திறந்துகொண்டது. அன்டன் வந்து என் கையில் இருந்த கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.

"பார்த்தது போதும் மேரி, அது இப்ப இறங்காது. மேல இருக்கிறவன் பொஞ்சாதியோட போன்ல கதைக்கிறான்."

கண் திறந்த குறி

இசையில் ஒரு குறி உண்டு. ஒரு வில், அதன் கீழே ஒரு புள்ளி. இமை திறந்த கண் மாதிரி இருக்கும். இந்தச் சத்தத்தில் நில், மாஸ்டரின் கை அசையும்வரை போகாதே என்று அர்த்தம். பின்னேரம் எல்லாருக்கும் முந்தி மண்டபத்துக்குப் போனேன். ஸ்டாண்ட் ஸ்டாண்டாக, ஒவ்வொரு தாளிலும் அந்த இடத்தைத் தேடிப் பென்சிலால் ஒரு கண் போட்டேன். அவசரத்தில் சில கண்கள் மாறுகண்ணாக வந்தன. யாராவது ஒருவர் பார்க்காமல் விட்டால் எல்லாம் கவிழும் என்ற பயத்தில் திரும்பவும் ஒரு சுற்றுப் போய் எல்லாவற்றையும் தடிப்பாக்கினேன். இரண்டாவது சுற்றில் மாஸ்டர் வந்து பின்னால் நின்றார். தன்னுடைய தாளை நீட்டினார். "எனக்கும் போடுங்க. எல்லாரும் நிற்க நான் மட்டும் கை வீசிட்டு இருந்தா ஆட்கள் என்ன நினைப்பாங்க?"

பானுவிடம் மேடைக்குப் பின்னால் போய்ச் சொன்னேன்: எவ்வளவு வேண்டுமோ எடு, அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.

நடுப்பகுதி வந்தது. நீள வரி வந்தது. அதே இடத்தில் கிளாரினெட் மெலிந்து நின்றது. வயலின்கள் அந்தக் குறியில் நின்றன, ஆனால் சத்தம் நிற்கவில்லை. கூரைக்குக் கீழே ஒரு நூலில் தொங்கியது. மாஸ்டர் கையைத் தூக்கியபடியே நின்றார். பானு வாத்தியத்தை இறக்கி ஒரு கையை வயிற்றில் வைத்தாள். மூச்சு எடுத்தாள். ஆனால் ஊதவில்லை. முன்வரிசையில் அவளுடைய மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் கொன்சேர்ட்டோ நினைவில் இல்லை. எழுந்து மேடைக்கு ஓடவா என்றுதான் இருந்தது. அப்போது அவள் சிரித்தாள். வாத்தியத்தைத் தூக்கி, விட்ட சத்தத்தையே திரும்ப எடுத்து, மிச்ச வரியைக் கடைசிவரை கொண்டுபோய் இறக்கினாள்.

முடிந்த பிறகு, அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். என்ன ஆழம், என்ன தைரியம் என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பானுவைத் தேடிக்கொண்டு போனேன். நாற்காலியில் காலை நீட்டி இருந்தாள், மாமியார் அவளுடைய முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"மூச்சு அப்பவே வந்திட்டுது அக்கா," என்றாள். "பிள்ளை உதைச்சது. அது முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

அடுத்த நாளே எல்லாத் தாள்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பென்சிலால் போட்ட கண்கள் அத்தனையையும் அழியாத கறுப்பு மையால் போட்டு வைத்துவிட்டேன். இனி இரட்டைப் பிள்ளையோடு ஒருத்தி வந்து ஊதினாலும் எனக்குப் பயமில்லை.