வெள்ளிக்கிழமை வரை எழுதிவிட்ட டாக்டர்

எங்கள் தெருவில் அவருக்குச் 'சரிசரி டாக்டர்' என்று பெயர். மனைவி கேட்டாலும் சரி, மாமியார் கேட்டாலும் சரி, தெருச் சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க நாங்கள் கூப்பிட்டாலும் சரி. தங்கமான மனுஷன் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முடியாது என்று சொல்லப் பயந்த மனுஷன், அவ்வளவுதான்.

அந்தப் பயத்தில்தான் எங்கள் தெருத் தையல்காரரின் முதுகுவலிக்கு ஆரம்பித்த மாத்திரையை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனார். அது போதை ஏற்றும் ரகம். கொடுக்கக் கொடுக்க அன்றன்றே பதிவேட்டில் ஏற்றவேண்டும். டாக்டர் ஏற்றவில்லை. தையல்காரருக்குத்தான் ஏறியது. மெஷின் மேலேயே தூங்கினார். ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்தார். அவர் மனைவி நேராக மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பிவிட்டார்.

சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்ததும், விட்டுப்போன பதிவேட்டை டாக்டர் ஒரே மூச்சில் நிரப்பினார். எழுத எழுத உற்சாகம். கை நிற்கவேயில்லை.

அதிகாரி வந்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னிக்கு என்ன கிழமை டாக்டர்?"

"செவ்வாய் சார்."

"நீங்க வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்திரை குடுத்து முடிச்சிட்டீங்களே! நாளான்னிக்கு யாருக்கு வலி வரும்னு இப்பவே தெரியுமா?"

"சரி சார்" என்றார் டாக்டர்.

கிளினிக்கை ஒட்டிய வீட்டுக்குள்ளேயிருந்து டாக்டரின் மனைவி கத்தினார்: "ஏங்க, இதுக்குமா சரி?"

தொழில் செய்யும் உரிமமே போய்விடும் போலிருந்தது. தெருக்காரர்கள் சங்கச் செயலாளரான என்னிடம் வந்து, கையெழுத்து வாங்கி மனுக் கொடுக்கலாம் என்றார்கள். "முதல் கையெழுத்து தையல்காரர் சம்சாரத்துகிட்ட வாங்கிட்டு வாங்க" என்றேன். ஒருத்தரும் திரும்பி வரவில்லை.

விசாரணையில் கவுன்சில் தலைவரம்மா கேட்டார்: "தப்புன்னு தெரிஞ்சும் ஏன் எழுதினீங்க?"

"முடியாதுன்னு சொன்னா அவர் மூஞ்சி வாடிடும்மா."

"அதுக்காக ஆளையே வாட விட்டீங்களா?"

அதற்கு மட்டும் அவர் சரி சொல்லவில்லை. 

உரிமம் தப்பியது. ஆறு மாதம் கிளினிக்கைப் பூட்டவேண்டும். திறந்த பிறகும் அந்த ரக மாத்திரைகளைத் தொடக்கூடாது.

திறந்த அன்றைக்கு முதல் ஆளாகத் தையல்காரர் வந்து நின்றார். பின்னாலேயே மனைவி.

"ஒரே ஒரு சீட்டு டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "முடியாதுங்க. அந்தப் பழக்கத்தை விடவைக்க ஆஸ்பத்திரி இருக்கு. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

தையல்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

தையல்காரர் மனைவி கதவைத் திறந்து பிடித்தபடி சொன்னார்: "இதைப் போன வருஷமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? சரி, நடங்க."