கம்பைநல்லூரில் அணைக்காத வண்டி

பிள்ளைங்களா, நம்ம பழைய வெள்ளைக் காரை நீங்க ரெண்டு பேரும் இப்பவும் கேலி பண்றீங்க. பண்ணுங்க. ஆனா அந்த வண்டியால உங்க அத்தை கல்யாணம் நின்னுபோகப் பாத்த கதை உங்களுக்குச் சரியாத் தெரியாது. அன்னைக்கு நீங்களும் கூடத்தான் வந்தீங்க. ஒருத்தருக்குத் தூக்கம், ஒருத்தர் கையில முறுக்கு.

பல கை மாறி நம்மகிட்ட வந்த வண்டி. செல்ஃப் எடுக்கற நாள் எடுக்கும், எடுக்காத நாள் எடுக்காது. அதனால எங்க போனாலும் என் கண்ணு முதல்ல சரிவைத்தான் தேடும். சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துடுவேன். கிளம்பும்போது கல்லை எடுத்தாப் போதும், உருண்டுபோற வேகத்துல உயிர் வந்துடும்.

கடத்தூரிலிருந்து கம்பைநல்லூருக்கு மாப்பிள்ளை வூடு பாக்கப் போனோம். அப்பா இல்லாத குடும்பம், அண்ணன் நான்தான் பேசி முடிக்கணும். ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை உங்க அத்தைக்குப் புடிச்சிருந்தது. வாய்விட்டுச் சொல்லல. ஆனா நாங்க கிளம்பறப்ப கார் கண்ணாடியை அவளே துடைச்சு வுட்டா.

போனா, தெரு பலகை போட்ட மாதிரி சமமா இருக்குது. ரெண்டு தரம் சுத்தியும் ஒரு சரிவு அகப்படல. வேற வழியில்லாம வண்டியை அணைக்காம ஓடவுட்டுட்டே உங்கம்மாவையும் உங்களையும் கூட்டிக்கிட்டு உள்ள போனேன்.

உக்காரவே முடியல. அவங்க நிலம், கிணறுன்னு பேசறாங்க, என் காது வாசல்ல இருக்குது. சீரா ஓடுதா, திக்குதா? உங்கம்மா என் காலை மிதிக்கிறா.

நம்ம பக்கத்து வழக்கம் தெரியுமில்ல? சம்பந்தம் புடிச்சாத்தான் அந்த வூட்டில் கை நனைச்சுச் சாப்பிடுவோம். இல்லைன்னா தண்ணியோட எழுந்துடுவோம். அவங்க இலையெல்லாம் நறுக்கி வெச்சிருந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா என்னையும் பாத்தாங்க, வாசலையும் பாத்தாங்க.

“ஏங்க, வண்டியக்கூட அணைக்கல. எங்க வூட்ல கை நனைக்கற உத்தேசம் இல்லீங்களா? இல்லைன்னா சொல்லிடுங்க, இலையை எடுத்து வெச்சுடறோம்.”

“அப்படியில்லீங்க... வந்துங்க...” உண்மையைச் சொல்ல எனக்குக் கூச்சம். மாப்பிள்ளையோட அப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. அந்த நேரம் பாத்து வாசல்ல வண்டி ரெண்டு குலுங்கு குலுங்கி நின்னுபோச்சு.

“ஐயோ, போச்சு!”ன்னு எழுந்துட்டேன்.

உங்கம்மாதான் போட்டு உடைச்சா. “அணைச்சா மறுபடி எடுக்குமோ எடுக்காதோன்னு பயமுங்க. மத்தபடி எங்களுக்கு நல்ல பசிங்க.”

மாப்பிள்ளையோட அப்பா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. “கார் வாங்குனீங்களா, கன்னுக்குட்டி வாங்குனீங்களா? எந்நேரமும் கண்ணு அது மேலயே இருக்குது!”

சாப்பிட்டோம். கிளம்பறப்ப செல்ஃப் எடுக்கல. மாப்பிள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பின்னாடி போய்த் தள்ளினாரு. “மச்சான், ரெண்டாவது கியர்ல வெச்சுக் கிளட்சை வுடுங்க!”

மச்சான்னு கேட்டதும் நான் கிளட்சை வுடவே மறந்துட்டேன். பாவம், தெருமுனை வரைக்கும் தள்ளினாரு. அவர்தான் இப்ப உங்க மாமா.

அதோட எனக்கு நிம்மதி வந்துடல. கல்யாணம் அவங்க வூட்டுல. பொண்ணை அதே தெருவுக்கு, அதே வண்டியிலதான் கூட்டிப்போகணும். மறுவாரம் யார்கிட்டயும் சொல்லாம கம்பைநல்லூருக்குப் பஸ் ஏறினேன். அவங்க கண்ணுல படாம பக்கத்துத் தெருவெல்லாம் நடந்து, தண்ணித்தொட்டி ஓரமா ஒரு சரிவைக் கண்டுபுடிச்சேன். மஞ்சப்பையில கொண்டுபோன முட்டுக்கல்லை அங்க வேலியோரம் வெச்சுட்டு, பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தேன்.